தரவிறக்கிய கணினி விளையாட்டுகளை இறுவட்டில் காப்புப் பிரதி எடுத்தல்

நாற்பது ஜிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டைத் தரவிறக்குவது யாழ்ப்பாணத்தின் பல வீடுகளில் இன்றும் சிறிய காரியமன்று. மாதத் தரவுப் பொதியின் பெரும்பங்கை அது எடுத்துக்கொள்கிறது; இரவு முழுவதும் கணினியை இயங்கவிட்டுவிட்டு விடியற்காலையில் மின்தடையால் பாதியில் நின்றுபோனதைக் கண்டவர்கள் நம்மிடையே பலர். 2022ஆம் ஆண்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். இவ்வளவு சிரமப்பட்டு இறக்கிய கோப்புகளை ஒரே வன்தட்டில் மட்டும் வைத்திருந்து, அது பழுதாகும் நாளில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது வீண் செலவு. இறுவட்டில் ஒரு பிரதி எடுத்துவைத்தால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம்; ஆனால் அந்த வட்டிலிருந்து விளையாட்டை உண்மையிலேயே நிறுவ முடியுமா என்பதை எழுதுவதற்கு முன்னரே சோதித்திருக்க வேண்டும். இந்தச் சோதனையைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை.

எல்லா விளையாட்டுகளும் ஒரே வகையானவை அல்ல. 2008இல் தொடங்கப்பட்ட ஜிஓஜி விற்பனைத் தளம் தன் விளையாட்டுகளைப் பூட்டில்லாமல், அதாவது பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் பாதுகாப்பு (DRM) இல்லாமல், விற்கிறது. அங்கே வாங்கிய ஒவ்வொன்றுக்கும் தனி நிறுவிக் கோப்பைக் கணக்குப் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், அதனை இணையமில்லாத கணினியிலும் நிறுவலாம். இறுவட்டுக்கு மிகப் பொருத்தமானவை இவையே. ஸ்டீம் என்னும் இன்னொரு விற்பனைத் தளத்தில் நிலைமை வேறு. அதிலுள்ள காப்புப் பிரதி வசதி கோப்புகளைப் பொதியாக்கித் தரும் என்றாலும், அவற்றை மீட்டெடுக்க ஸ்டீம் மென்பொருளும் உங்கள் கணக்கும் தேவை. அந்தப் பிரதி தரவிறக்கத்தை மிச்சப்படுத்தும். கடையிடமிருந்து உங்களை விடுவிக்காது. அதேவேளை, ஸ்டீமில் விற்கப்படும் சில விளையாட்டுகளுக்குப் பூட்டே இல்லை. அவற்றின் கோப்புறையை நகலெடுத்து வேறிடத்தில் வைத்தாலும் இயங்கும். மூன்றாவது வகை, நிறுவனத்தின் வழங்கியோடு (server) இணையம் வழியாக இணைந்தால் மட்டுமே இயங்குபவை. யுபிசொஃப்ட் நிறுவனத்தின் தி குரூ விளையாட்டின் வழங்கிகள் 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுத்தப்பட்டபோது, கடையில் வட்டாக வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியவில்லை. இத்தகையவற்றுக்கு வட்டுகளைச் செலவிட வேண்டாம்.

உங்கள் விளையாட்டு எந்த வகை என்பதை அறிய, நிறுவிக் கோப்பையோ கோப்புறையையோ அந்த விளையாட்டு ஒருபோதும் நிறுவப்படாத இன்னொரு கணினிக்குக் கொண்டுசென்று, இணைய இணைப்பை முழுமையாகத் துண்டித்துவிட்டு, நிறுவி, குறைந்தது அரை மணித்தியாலம் விளையாடிப் பாருங்கள். தொடக்கத் திரை தோன்றியதும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்; சில விளையாட்டுகள் சற்று நேரம் கழித்தே கணக்கைக் கேட்கின்றன. ஏதேனும் ஒரு துணைக்கோப்பு இல்லை என்ற அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் அது மைக்ரோசொஃப்டின் விசுவல் சி++ நூலகமாகவோ டைரக்ட்எக்ஸ் கோப்பாகவோ இருக்கும். அவற்றின் நிறுவிகளையும் அதே வட்டில் சேர்த்துவிட வேண்டும்.

சட்டத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலின் பிரதியொன்றைச் சட்டப்படி உடைமையாகக் கொண்டவர், அது தொலைந்தாலோ பழுதடைந்தாலோ ஈடாகப் பயன்படுத்துவதற்காக ஒற்றைப் பிரதி எடுக்க இடமளிக்கிறது. விளையாட்டின் உரிம நிபந்தனைகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். நண்பர்களுக்குப் பகிர்வதற்கான பிரதியும், பூட்டை உடைத்து எடுக்கும் பிரதியும் இந்த வழிகாட்டிக்கு உட்பட்டவை அல்ல. எடுப்பது ஒரே பிரதி என்பதால், அது பிழையின்றி இருக்க வேண்டும் என்ற கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வட்டின் கொள்ளளவைக் கணக்கிடும்போது பலர் தவறுகிறார்கள். உறையில் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்ட டிவிடியை விண்டோஸ் ஏறத்தாழ 4.38 என்றே காட்டும்; 25 ஜிகாபைட் ப்ளூ-ரே 23.3 ஆகத் தெரியும். வட்டில் எதுவும் குறையவில்லை, எண்ணும் முறைதான் வேறு. இரட்டை அடுக்கு டிவிடி 8.5, இரட்டை அடுக்கு ப்ளூ-ரே 50 ஜிகாபைட் கொள்ளும். பதினைந்து ஜிகாபைட்டுக்கு உட்பட்ட பழைய விளையாட்டுகளுக்கு டிவிடி போதும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு ப்ளூ-ரே ரைட்டர் ஒன்றை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒரு விளையாட்டு பத்து வட்டுகளில் பரவியிருந்தால், அவற்றில் ஒன்று கெட்டாலும் மற்ற ஒன்பதும் பயனற்றுப் போய்விடும். இப்போதைய மடிக்கணினிகளில் வட்டு இயக்கி இருப்பதில்லை. யூஎஸ்பியில் இணைக்கும் வெளி ரைட்டர் போதுமானது.

டிவிடியில் எழுதுவதாயின், கோப்புறையைக் கோப்புகளைப் பொதியாக்கும் 7-சிப் மென்பொருளால் 3900 மெகாபைட் துண்டுகளாகப் பிரியுங்கள். விளையாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஆகவே மேலும் சுருக்காமல் சேமிக்கும் தெரிவையே எடுங்கள், நேரம் மிச்சமாகும். வட்டு கொள்ளுமளவுக்கு நிரப்பாமல் ஏன் 3900 என்று கேட்கலாம். மிஞ்சும் இடம் மீட்புத் தரவுக்கானது. மல்டிபார் என்னும் இலவச மென்பொருள் ஒவ்வொரு துண்டுக்கும் பத்து வீதம் மீட்புத் தரவை உருவாக்கித் தரும். பின்னாளில் வட்டில் கீறல் விழுந்து சில பகுதிகள் வாசிக்க முடியாமற் போனால், அவற்றைத் தாண்டி மீதியை நகலெடுக்கும் மென்பொருளொன்றால் கோப்பை வன்தட்டுக்கு எடுத்து, இழந்த பகுதியை இந்தத் தரவைக் கொண்டு மீளக் கட்டலாம். ஒரே பிரதி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. எஞ்சும் இடத்தில் சேமித்த ஆட்ட நிலைகளையும் ஓர் உரைக்கோப்பையும் வையுங்கள். ஆட்ட நிலைகள் பெரும்பாலும் விளையாட்டின் கோப்புறையில் இராமல் பயனரின் ஆவணக் கோப்புறையில் ஒளிந்திருக்கும். உரைக்கோப்பில் விளையாட்டின் பெயர், பதிப்பு எண், நிறுவும் ஒழுங்கு, தொடரிலக்கம் இருந்தால் அது ஆகியவற்றை எழுதுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து இவை உங்கள் நினைவில் இருக்கமாட்டா.

எழுதும்போது கணினி யூபிஎஸ்ஸில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டில் நடுவே மின் நின்றால் அந்த வட்டு அநேகமாகக் குப்பைக்குத்தான். இம்ஜ்பேர்ன் போன்ற, வட்டில் எழுதும் மென்பொருளில் யூடிஎஃப் கோப்பு முறையையும், 16 மடங்கு வேகம் தாங்கும் டிவிடியாக இருந்தாலும் 8 மடங்கு வேகத்தையும் தெரிவுசெய்யுங்கள். ஒரு வட்டுக்கு எட்டு நிமிடமளவில் ஆகும். விண்டோஸின் சொந்த வசதியைப் பயன்படுத்துவோர், பென்டிரைவ் போலப் பயன்படுத்தும் தெரிவை விட்டு மற்றதை எடுக்க வேண்டும். முடிந்ததும் எழுதியதைச் சரிபார்க்கும் தெரிவைத் தவிர்க்கவே வேண்டாம். சரிபார்க்காமல் எழுதிய மூன்று வட்டுகளை நான் ஓராண்டு பத்திரமாக வைத்திருந்தேன். தேவைப்பட்ட நாளில் இரண்டாவது வட்டு பாதிவரைதான் வாசித்தது. இயலுமானால் வேறொரு இயக்கியிலும் வாசித்துப் பாருங்கள்.

சாதாரணமாகக் கிடைக்கும் எழுதக்கூடிய டிவிடியில் தரவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். சோளகக் காலத்தில் செம்பாட்டுப் புழுதி யன்னலால் வந்து படிகிறது. வாடையும் மாரி மழையும் வரும்போது அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறுகிறது. ஆகவே மெல்லிய பிளாஸ்டிக் உறையை விட்டு, கடினமான பெட்டியில் வட்டை நிமிர்த்தி வைத்து, மூடி இறுகிய கொள்கலனுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இடுங்கள். தகரக் கூரை அறையும் வாகனத்தின் உட்புறமும் ஆகாது. பெயரை வட்டுக்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதுங்கள்; ஒட்டுத்தாள் ஒட்டினால் வட்டின் சுழற்சி சமநிலை இழக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிந்து ஈரம் அடங்கிய தை அல்லது மாசியில், வட்டுகளை மல்டிபாரில் இட்டுச் சோதியுங்கள். பழுது பத்து வீதத்தை அணுகத் தொடங்கும்வரை காத்திராமல், முதல் பிழை தென்பட்ட அன்றே கோப்பைத் திருத்திப் புதிய வட்டில் எழுதி, பழையதை உடைத்து எறிந்துவிடுங்கள்.