பயிற்சி நேரப் பட்டியலில் வேகத்தை எங்கே தேடுவது?

2025 சிங்கப்பூர் ஃபார்முலா 1 போட்டியில் முதல் பயிற்சியில் முதலிடம் அலோன்சோவுக்கு. இரண்டாவதில் பியாஸ்ட்ரி. ரஸ்ஸல் அதே இரண்டாம் பயிற்சியில் சுவரில் மோதினார். ஞாயிறு இரவு வென்றவர் ரஸ்ஸல்தான். வேகமான ஒற்றைச் சுற்றை மட்டும் வைத்துக் குறி சொன்னால் இப்படித்தான் கவிழ வேண்டியிருக்கும்.

முதலில் எந்தப் பயிற்சியை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். அந்த ஆண்டு முதல், மூன்றாம் பயிற்சிகள் மாலை 5.30-க்கு நடந்தன; தார் இன்னும் சூடாக இருக்கும் நேரம். இரண்டாவது இரவு 9 மணிக்கு, பந்தயம் 8 மணிக்கு. ஆகவே பந்தய வேகத்துக்கு இரண்டாம் பயிற்சியே ஆதாரம். ராஃபிள்ஸ் அவென்யூ போன்ற சாலைகளில் மற்ற நாள்களில் பேருந்து ஓடுகிறது. தூசி விலகி ரப்பர் படியப் படியப் பிடிப்பு கூடும். அதனால் பயிற்சியின் தொடக்கத்தில் ஓடிய சுற்றைக் கடைசி நேரச் சுற்றோடு ஒப்பிடாதீர்கள்; ஏறக்குறைய ஒரே பத்து நிமிடத்துக்குள் வந்தவற்றையே பக்கத்தில் வையுங்கள்.

அடுத்து, ஓட்டுநர் வாரியாக ஒவ்வொரு சுற்றையும் எழுதி, டயர் வகையையும் வயதையும் குறியுங்கள். 2025-ல் இங்கே கடின டயர் வெள்ளை (சி3), நடுத்தரம் மஞ்சள் (சி4), மென்மையானது சிவப்பு (சி5). பிட்டிலிருந்து (அணிகளின் பணிமனைப் பகுதி) வெளியே வரும் சுற்று, உள்ளே போகும் சுற்று, ஆபத்து என்று மஞ்சள் கொடி காட்டிய சுற்று, மெதுவான காருக்குப் பின்னால் மாட்டிய சுற்று எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதில் தொடர்ந்து ஐந்தாறு சுற்றுக்கு மேல் ஓடியதே லாங் ரன்.

ஓர் எடுத்துக்காட்டு. மஞ்சள் டயரில் எட்டுச் சுற்று என்று வைத்துக்கொள்வோம்: 1:36.4, 36.5, 36.4, 38.9, 36.7, 36.8, 36.8, 36.9. நான்காவது நெரிசல், தள்ளுங்கள். முதல் மூன்றின் சராசரி 36.43, கடைசி மூன்றின் சராசரி 36.83. இரண்டு கொத்துகளின் நடுச்சுற்றுகள் இரண்டும் ஏழும். இடைவெளி ஐந்து சுற்று. 0.4-ஐ ஐந்தால் வகுத்தால் நேரம் சுற்றுக்கு 0.08 விநாடி கூடுகிறது. இதுதான் சரிவு.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஓடும்போது எரிபொருள் தீர்ந்து கார் இலகுவாவதை மறந்துவிடுகிறார்கள். 10 கிலோவுக்குச் சுமார் 0.3 விநாடி என்பது நடைமுறைக் கணக்கு. இங்கே சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 கிலோ எரிகிறது என்று வைத்தால் சுற்றுக்கு 0.05 விநாடி இலாபம். டயர் தேய்வை அது மூடி மறைக்கிறது. ஆகவே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: உண்மைத் தேய்வு 0.13. இருபது சுற்று ஓடினால் டயரால் மட்டும் ஒரு சுற்றின் நேரம் 2.6 விநாடி கூடிவிடும்.

சரிவைத்தான் நம்ப வேண்டும், சராசரி நேரத்தை அல்ல. எந்த அணி எத்தனை கிலோவோடு கிளம்பியது என்று வெளியே யாருக்கும் தெரியாது. 20 கிலோ வித்தியாசம் என்றாலே 0.6 விநாடி அதிலேயே ஒளிந்துகொள்ளும். சரிவை அது பெரிதாகக் கெடுக்காது.

பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றின் வேகத்துக்கு செக்டர் (தடத்தின் மூன்று பகுதிகள்) நேரங்களைப் பாருங்கள். சிவப்பு டயரில் முதல் செக்டர் ஊதா (எல்லோரிலும் வேகம்), மூன்றாவது மட்டும் மஞ்சள் (தன் சிறந்த நேரத்தை எட்டவில்லை) என்றால் பின் டயர் சூடேறி வழுக்குகிறது என்று சந்தேகப்படலாம். வளைவுக்கு வளைவு முடுக்கும் இந்தத் தடத்தில் அது வழக்கமான வியாதி. முந்துவது கடினமான இடம் என்பதால் தகுதிச் சுற்றின் எடையும் இங்கே கூடுதல். நேர்சாலை வேகம் குறைந்தால் உடனே இன்ஜினைப் பழிக்காதீர்கள். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை அதிகம் வைத்திருக்கலாம், சக்தியைக் குறைத்தும் ஓடியிருக்கலாம்.

பயிற்சியை நிறுத்தும் சிவப்புக் கொடி அடிக்கடி வந்தால் லாங் ரன்னே கிடைக்காது. 2025 இரண்டாம் பயிற்சி இரண்டு முறை நின்றது. ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயமும் நடக்கும் வார இறுதியில் 60 நிமிடப் பயிற்சி ஒன்றுதான், 2026-ல் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்போது நான்கு சுற்று மட்டும் கையில் இருந்தால் சரிவு போடாதீர்கள். ஒரே அணியின் இரு ஓட்டுநர்களும் ஒரே டயரில் ஓடிய சுற்றுகளை மட்டும் ஒப்பிட்டு, மற்றதை ஸ்பிரிண்ட் பந்தயத்தின் சுற்று நேரங்களிலிருந்து எடுங்கள்.