கரண்ட் பில் குறைய எதை முதலில் மாற்றலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை, அதிக நேரம் ஓடுவது எதுவோ அதில் முதலில் கை வையுங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேனுக்கு (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் உள்ள புது வகை ஃபேன்) 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனிலேயே மாதம் 20 யூனிட் மிச்சம். மாட்டும்போது மட்டும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஃபேனின் சர்க்யூட் கெட்டுப்போகலாம். 60 வாட் குண்டு பல்பு இன்னும் எரிகிறதா? 9 வாட் எல்இடி போடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் முதலில் ரப்பரை மாற்றுங்கள், புது ஃப்ரிட்ஜைப் பிறகு பார்க்கலாம். இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ஏசி) தினமும் பல மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.