புதுப்பிப்புக்குப் பின் செருகுநிரல் முடங்கினால்

இணையதளங்களை உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.5 பதிப்பு 2020 ஆகஸ்டில் வெளியானபோது, பழைய நிரல்களுக்கு முட்டுக்கொடுத்துவந்த ஜேகுவெரி மைக்ரேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் துணைநிரல் இயல்பாக ஏற்றப்படுவது நிறுத்தப்பட்டதால், அதை நம்பியிருந்த பல செருகுநிரல்களும் (தளத்துக்குக் கூடுதல் வசதி தருபவை) வார்ப்புருக்களும் (தளத்தின் தோற்றத்தை அமைப்பவை) முடங்கின. பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நிகழாது, பிழைச்செய்தியும் தோன்றாது. பயனரை மிகவும் எரிச்சலூட்டுவது இந்த மௌனம்தான்.

இத்தகைய நிலையில், உலாவியில் எஃப்12 விசையை அழுத்திக் கன்சோல் பகுதியைப் பாருங்கள். சிவப்பில் தெரியும் பிழையின் அருகிலுள்ள கோப்பு முகவரியில், கோளாறுக்குக் காரணமான செருகுநிரலின் பெயர் பெரும்பாலும் இருக்கும். தளமே திறக்கவில்லை என்றால் நிர்வாகியின் மின்னஞ்சலைச் சோதியுங்கள்: 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், கடும் பிழை நேரும்போது கோளாறான செருகுநிரலை நிறுத்திவைத்து நிர்வாகப் பகுதிக்குள் நுழைய உதவும் மீட்புப் பயன்முறைக்கான இணைப்பை வேர்ட்பிரஸ் தானாகவே அனுப்புகிறது (தளம் இயங்கும் கணினியான வழங்கியின் மின்னஞ்சல் அமைப்பு சரியில்லாவிட்டால் அது வந்து சேராததும் உண்டு). மின்னஞ்சல் வராவிட்டால், வழங்கியின் கோப்பு மேலாளரைத் திறந்து, டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறைக்குள் இருக்கும் பிளகின்ஸ் பகுதியில், ஐயத்துக்குரிய செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றினாலே போதும், அது செயலிழந்துவிடும். அமைப்புகள் பொதுவாகத் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் அவை அழிவதில்லை. எது காரணம் என்று தெரியாவிட்டால், பிளகின்ஸ் கோப்புறையின் பெயரையே தற்காலிகமாக மாற்றி, நிர்வாகப் பகுதிக்குள் நுழைந்து செருகுநிரல்கள் பக்கத்தைத் திறந்து, பின்னர் பழைய பெயரை மீட்டு, செருகுநிரல்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம்.

பாதுகாப்புத் திருத்தங்களை உடனே ஏற்பது நல்லது. பெரிய பதிப்புகளுக்கு மட்டும், கோப்புகளையும் தரவுத்தளத்தையும் காப்புப்பிரதி எடுத்துக்கொண்டு, முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை காத்திருப்பதே என் பரிந்துரை.