மின் ஷேவர்: யாருக்கு உதவும், எப்படிப் பயன்படுத்த வேண்டும்

மின் ஷேவர் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை முகம் மழிக்கிறீர்கள், ரேசர் பிளேடு பட்டால் உங்கள் தோல் எரிகிறதா. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மழிப்பவருக்கும், பிளேடு பட்ட இடத்தில் சிவந்து கொப்புளிக்கும் தோல் உள்ளவருக்கும் இந்தக் கருவி பெரிதும் உதவும். வாரம் ஒருமுறை மழிப்பவருக்கு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது ஏமாற்றத்தையே தரும் என்பது என் கருத்து.

காரணம், இது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஃபாயில் வகை ஷேவரில் தோலைத் தொடுவது பிளேடு அல்ல; நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு. முடி அந்தத் துளைக்குள் நுழைந்ததும், தகட்டின் அடியில் வேகமாக இருபுறமும் அசையும் பிளேடு அதை வெட்டுகிறது. கத்திக்கும் தோலுக்கும் இடையே தகடு நிற்பதால் காயம் படுவது அரிது. அதே தகடு நிற்பதால்தான், நல்ல ரேசர் தரும் அளவுக்கு ஒட்ட மழிக்கவும் முடிவதில்லை. சில நாள் வளர்ந்த முடியோ தோலோடு படிந்து கிடப்பதால் துளைக்குள் புகாமல் இழுபடுகிறது. அப்படி வளர்ந்துவிட்டால் முதலில் ட்ரிம்மரால் குறைத்துக்கொண்டு, பிறகு ஷேவரை எடுக்க வேண்டும்.

ஒட்ட மழிக்காதது சிலருக்கு நன்மையாகவும் அமைகிறது. சுருள் முடி உள்ளவர்கள் மிக ஒட்ட மழிக்கும்போது, வெட்டுப்பட்ட கூரிய நுனி மீண்டும் தோலுக்குள்ளேயே வளர்ந்து பருக்களைப் போன்ற வீக்கங்களை உண்டாக்கும். ஷேவர் முடியைச் சிறிதளவு விட்டுவைப்பதால் இந்தத் தொல்லை குறைகிறது. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும், சிறு வெட்டுக்கூட நெடுநேரம் கசியும் என்பதால், மருத்துவர்கள் மின் ஷேவரையே பரிந்துரைப்பது வழக்கம்.

ஜேக்கப் ஷிக் தம் மின் ஷேவரை 1931-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தண்ணீரும் சோப்பும் இல்லாமல் மழிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சியாக இருந்தது. இன்றும் அதன் முதன்மையான வசதி அதுதான். 1939-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஷேவரிலிருந்து, சுழலும் வட்டத் தலை கொண்ட ரோட்டரி வகையும் பரவியது. தினமும் நேராக ஒரே திசையில் மழிப்பவருக்கு ஃபாயில் பொருந்தும். தாடை, கழுத்துப் பகுதிகளில் முடி பல திசைகளில் வளர்ந்திருந்தால் ரோட்டரி எளிதாக இருக்கும்.

உலர் சவரத்துக்கு முகம் முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமோ வியர்வையோ இருந்தால் கருவி வழுக்கிச் செல்லாமல் தோலில் ஒட்டி இழுக்கும். ஆகவே முகம் கழுவிய உடனே மழிக்காமல், நன்றாகத் துடைத்துச் சிறிது நேரம் காத்திருப்பது நல்லது. மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஃபாயில் ஷேவரைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்து, முடி வளரும் திசைக்கு எதிராகச் சிறு சிறு இழுப்புகளாக நகர்த்த வேண்டும். ரோட்டரியைச் சிறு வட்டங்களாகச் சுழற்றி நகர்த்த வேண்டும். புதிதாகப் பயன்படுத்துபவர்கள் செய்யும் பெரும் பிழை, ஒட்ட மழியவில்லை என்று அழுத்துவது. அழுத்தினால் முடி கூடுதலாக வெட்டுப்படாது, தோல்தான் சிவக்கும். மழிக்க மழிக்கத் தகடு சூடேறுவதால், மென்மையான கழுத்தை முதலிலும் கன்னங்களைப் பிறகும் மழிப்பது நல்ல பழக்கம். மீசையின் ஓரம், கிருதாவின் கோடு ஆகியவற்றை ஷேவரின் தலையால் கூர்மையாக அமைக்க முடியாது. அதற்குக் கருவியோடு வரும் ட்ரிம்மரோ சாதாரண ரேசரோதான் வேண்டும்.

ரேசரிலிருந்து மாறுபவர்களின் தோல் பழகுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். இந்தக் காலத்தில் இடையிடையே ரேசருக்குத் திரும்பினால் பழக்கம் முழுமையடையாது. முதல் வாரத்து எரிச்சலை வைத்தே கருவியைக் குறைகூறுவது அவசரம்தான். ஒரு மாதம் கடந்தும் எரிச்சல் நீடித்தால் அந்த வகை உங்களுக்கு ஏற்றதல்ல என்று கொள்ளலாம்.

செலவுக் கணக்கில் பலர் மறப்பது உதிரி பாகங்களை. ஃபாயிலும் பிளேடும் தேயும் பொருள்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், அவற்றின் விலையும் சிறிதல்ல. எனவே ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன், அதற்கான பாகங்கள் தனியாகக் கிடைக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி பெரும்பாலும் உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், அது தளர்ந்துவிட்டால் நாமே மாற்றுவது கடினம்.

ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் தலையைக் கழற்றி, சேர்ந்த முடித்தூளைத் தட்டி வெளியேற்ற வேண்டும். பிளேடைத் தூரிகையால் துடைக்கலாம். ஃபாயிலின் மீது தூரிகை படக்கூடாது, எளிதில் நசுங்கிவிடும். கழுவத்தக்கது என்று குறிப்பிட்டிருந்தால் மட்டுமே குழாய் நீரில் கழுவி, உலர்ந்த பின் ஒரு துளி மெல்லிய எண்ணெய் இட வேண்டும். ஃபாயிலில் சிறு கிழிசல் தெரிந்தாலும் அன்றே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அந்த இடத்தில் பிளேடு நேராகத் தோலைத் தொடும்.