கேம் விளையாடத் தொலைக்காட்சி வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரின் பெரிய மின்சாதனக் கடைகளில் வரிசையாக மாட்டியிருக்கும் தொலைக்காட்சிகளில் பூக்களும் பவளப்பாறைகளும் ஓடிக்கொண்டிருக்கும். கடை வெளிச்சத்தில் எடுபடுவதற்காக ஒளியும் நிறமும் அளவுக்கு மீறிக் கூட்டப்பட்டிருக்கும் அந்தக் காட்சியை வைத்து, கன்சோலுக்கு (பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவிக்கு) ஏற்ற தொலைக்காட்சி எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கேபிள் செருகும் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதை நான் தாமதமாகவே தெரிந்துகொண்டேன். செராஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு 55 அங்குலத் தொலைக்காட்சி வாங்கி, பிளேஸ்டேஷன் 5-ஐ இணைத்து ஒரு மாதம் விளையாடிய பிறகு, அக்காள் மகன் அமைப்புகளில் வீடியோ வெளியீட்டுத் தகவலைத் திறந்து, "மாமா, இது ஏன் 60ன்னு காட்டுது?" என்று கேட்டான். திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸ் கணக்கு அது. அட்டைப்பெட்டியில் 120 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது நன்றாக நினைவிருந்தது. கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவருக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே தலையை நுழைத்துப் பார்த்தபோது, படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் கேபிளுக்கான நான்கு எச்டிஎம்ஐ துளைகளில் மூன்றாவதன் அருகில் மட்டும் '4கே 120 ஹெர்ட்ஸ்' என்று அரிசி அளவு எழுத்தில் இருந்தது. நான் செருகியிருந்தது கைக்கு எட்டிய முதல் துளையில். கேபிளை மாற்றிய பிறகும் 60-தான் வந்தது. அந்தத் துளைக்குரிய உயர்தர சிக்னல் அமைப்பைத் தொலைக்காட்சியின் மெனுவில் தனியாக இயக்கியபோதுதான் 120 வந்தது.

காரணம் எளிது. பழைய எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட் வரை கடத்தும். 4கே என்ற மிக நுண்ணிய தெளிவுள்ள படத்தை நொடிக்கு 120 முறை முழுத் தரத்தில் அனுப்ப அது போதாது. எச்டிஎம்ஐ 2.1-இன் உச்ச வரம்பு 48 கிகாபிட். ஆனால் 2.1 என்ற எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் அதன் வசதிகளில் பல கட்டாயமானவை அல்ல. 60 ஹெர்ட்ஸ் திரையுள்ள தொலைக்காட்சியும் அந்தப் பெயரில் விற்பனைக்கு வரலாம். 'மோஷன்' என்ற சொல்லோடு எழுதப்படும் 120, 240 போன்ற எண்களும் பெரும்பாலும் விளம்பரக் கணக்குதான். திரையின் இயல்பான புதுப்பிப்பு வேகம் எவ்வளவு, எத்தனை துளைகள் 4கே-வில் 120 ஹெர்ட்ஸை ஏற்கும் என்ற இரண்டு கேள்விகளையும் விற்பனையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பல தொலைக்காட்சிகளில் அத்தகைய துளைகள் இரண்டே இருக்கும். அவற்றில் ஒன்றுதான் சவுண்ட்பாருக்கு (தனி ஒலிபெருக்கிப் பட்டைக்கு) ஒலியை அனுப்பும் இஏஆர்சி துளையாகவும் இருக்கும். இரண்டு கன்சோல்களும் ஒரு சவுண்ட்பாரும் உள்ள வீட்டில் இது பெரும் தலைவலி.

அடுத்தது தாமதம். நொடிக்கு 60 பிரேம்கள், அதாவது 60 தனிப் படங்கள், காட்டும் விளையாட்டில் ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லிநொடி நிற்கும். படத்தை மெருகேற்றும் வேலைகளைத் தொலைக்காட்சி செய்துகொண்டிருந்தால், பொத்தானை அழுத்தியது திரையில் தெரிவதற்குள் பல பிரேம்கள் கடந்துவிடும். தொலைக்காட்சியில் விளையாட்டுக்கென இருக்கும் கேம் மோட் அந்த வேலைகளைக் குறைக்கிறது. ஏஎல்எல்எம் வசதி இருந்தால் கன்சோலை இயக்கியதும் கேம் மோட் தானாகவே அமலுக்கு வரும். பிரேம் வேகம் ஏறி இறங்கும்போது அதற்கேற்பத் திரையின் வேகத்தையும் மாற்றி, படம் கிழியாமல் காப்பது விஆர்ஆர் என்ற வசதி. பிளேஸ்டேஷன் 5-க்கு இது 2022 ஏப்ரலில் கிடைத்தது. 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. நிண்டெண்டோ சுவிட்ச் 2 தொலைக்காட்சியில் 4கே-வை 60 ஹெர்ட்ஸில்தான் தரும் என்பதால், அது மட்டுமே வைத்திருப்பவர் 4கே 120-க்காகக் கூடுதல் வெள்ளி கொடுப்பது வீண் என்பேன்.

திரை வகையைத் தீர்மானிக்கும்போது வீட்டில் வேறு யார் பார்க்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். இருட்டான அறையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் கறுப்புக்கு ஈடில்லை. ஆனால் பகல் முழுவதும் அம்மா செயற்கைக்கோள் சேவையான ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசை பார்க்கும் கூடத்தில், மூலையில் அசையாமல் நிற்கும் சின்னம் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. மேற்கு வெயில் விழும் சன்னலும் இருந்தால் பின்னால் சிறு விளக்குகள் ஒளிதரும் மினி எல்இடி திரையே நல்லது. டால்பி விஷன் என்ற ஒளி, நிற மேம்பாட்டு வசதிக்காக அதிக விலை கொடுக்கும் முன், அதை விளையாட்டுகளில் பயன்படுத்துவது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வகைகள்தான், பிளேஸ்டேஷன் 5 அல்ல என்பதைக் கவனியுங்கள். அளவைப் பொறுத்தவரை, சோபாவுக்கும் சுவருக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி இருந்தால் 55 அங்குலம் தாராளம்.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள, மாலை இடிமழைக்குப் பேர்போன கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பிளக் பலகை வாங்கத் தவறாதீர்கள். இடி நெருங்கிவிட்டால் பிளக்கையும் ஆஸ்ட்ரோ கேபிளையும் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

முடிந்தால் உங்கள் கன்சோலையும் அதனுடன் வந்த கேபிளையும் பையில் போட்டுக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் தொலைக்காட்சியில் இணைத்து, 120 ஹெர்ட்ஸ் விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, வெளியீட்டுத் தகவலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்க மாட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டிய அன்றே அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்; மாற்றித் தருவதற்கான காலக்கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.