டேங்கரின் வாலில் குப்புறப் படுத்துப் போர் விமானத்தைப் படம் எடுப்பது எப்படி?

தரையில் நின்று ஜெட்டை எடுக்கிறவர்களுக்குத் தெரியும், 600 மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாலும் கிடைப்பது என்னவோ விமானத்தின் வயிறுதான். வானத்திலேயே எரிபொருள் நிரப்பும் டேங்கரில் ஏறிவிட்டால் கதையே வேறு. பசுவிடம் கன்று வருகிற மாதிரி ஜெட் தானாக உங்களைத் தேடி வரும், பத்துப் பன்னிரண்டு மீட்டரில் நிற்கும். இரண்டுமே மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் பறந்தாலும் ஒரே வேகம் என்பதால் உங்கள் கண்ணுக்கு அது அசையாது. அதனால் இங்கே உங்கள் சண்டை விமானத்தோடு இல்லை, நடுவில் இருக்கிற ஜன்னல் கண்ணாடியோடு.

1. எந்த டேங்கர் என்று பாருங்கள்

உங்களுக்கு வேண்டியது அமெரிக்க விமானப்படையின் கேசி-135. 1956-ல் முதலில் பறந்தது, 1965-க்குப் பிறகு புதிதாக ஒன்றுகூடச் செய்யவில்லை, இன்னும் ஓடுகிறது. இதன் வாலடியில் ஜன்னல் உண்டு. டேங்கரின் வாலிலிருந்து நீளும் விறைப்பான எரிபொருள் குழாய்க்குப் பூம் என்று பெயர். அதை இயக்கும் பூம் ஆபரேட்டர் அங்கே குப்புறப் படுத்து, கண்ணால் பார்த்தே குழாயை ஜெட்டில் சொருகுவார். புதிய கேசி-46-ல் அவர் முன்பக்கம் உட்கார்ந்து கேமரா திரையைப் பார்த்துச் செய்கிறார், ஜன்னலே கிடையாது. பிரிட்டனின் வாயேஜர் டேங்கரில் பூம் இல்லை, இறக்கையிலிருந்து ரப்பர் குழாய் தொங்கும், நீங்கள் பயணிகள் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் எடுக்கலாம். அதுவும் அழகுதான், ஆனால் வேறு மாதிரிப் படம்.

2. அனுமதி

டிக்கெட் வாங்கிப் போகிற இடம் இல்லை. ஏதாவது பத்திரிகைக்காக எழுதுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும், அந்தத் தளத்தின் மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் அமெரிக்கப் படை பயன்படுத்தும் மில்டன்ஹால் தளத்தில் கேசி-135 இருக்கிறது. பக்கத்திலேயே லேக்கன்ஹீத்தில் எஃப்-15இ, எஃப்-35ஏ போர் விமானங்கள் இரண்டும் இருப்பதால் அங்கே போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். எதை எடுக்கக் கூடாது என்று கூட வரும் அதிகாரி சொல்வார், அதில் வாதாடாதீர்கள். சளி பிடித்திருந்தால் போகவே வேண்டாம், காது கொன்றுவிடும்.

3. பையில் என்ன

24-70 லென்ஸ் ஒன்று, 70-200 ஒன்று, முடிந்தால் இரண்டு கேமராவில் மாட்டியபடியே. அங்கே லென்ஸ் மாற்ற இடமும் இல்லை, நேரமும் இல்லை. மூடி, ஹூடு என்று கழன்று விழக்கூடிய எல்லாவற்றையும் முன்பே கழற்றிப் பையில் வையுங்கள், பூம் ஆபரேட்டரின் கட்டுப்பாடுகளுக்கு இடையே ஒரு மூடி உருண்டால் அன்றைக்கு உங்கள் படப்பிடிப்பு முடிந்தது. கறுப்புத் துணி ஒன்று, காது அடைப்பான், தடித்த காலுறை. பழைய விமானம், தரை ஐஸ் மாதிரி இருக்கும்.

4. கண்ணாடி

பூம் ஆபரேட்டர் நடுவில் படுத்திருப்பார், அவருக்கு இரண்டு பக்கமும் பயிற்சியாளர்கள் படுக்கிற இடம்தான் உங்களுக்கு. பக்கவாட்டில் படுப்பது நல்லதும்கூட. எஃப்-35ஏ-க்கு எரிபொருள் வாய் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எனவே பூம் அவர் தலைக்கு மேலாகப் போகும், நேர் நடுவிலிருந்து பார்த்தால் ஆளையே மறைக்கும். எஃப்-15இ-க்கு வாய் இடது பக்கம், இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேற்புறத்தில். நீங்கள் பின்னோக்கிப் படுத்திருப்பதால் விமானம் உங்களுக்குச் சற்று இடப்பக்கம் ஒதுங்கித் தெரியும்.

அந்தக் கண்ணாடி தடிமனானது, பல வருடக் கீறல்கள் உண்டு. என் முதல் பயணத்தில் ஒளி நன்றாக இருக்கிறதே என்று லென்ஸின் துளையைச் சின்னதாக்கி எஃப்/16 வைத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் கோலம் போட்ட மாதிரிக் கீறல். துளை பெரிதாக இருக்கட்டும், எஃப்/5.6-க்கு மேல் எண்ணை ஏற்றாதீர்கள், கீறல் கரைந்துவிடும். போலரைசர் ஃபில்டர் போட்டால் கண்ணாடியில் வானவில் பட்டை தெரியும், வேண்டாம். லென்ஸைக் கண்ணாடிக்குக் கிட்டத்தில் வையுங்கள், தொட வேண்டாம், தொட்டால் எஞ்சின் அதிர்வு முழுக்கக் கேமராவுக்கு வரும். மிச்ச இடைவெளியைக் கறுப்புத் துணியால் மூடினால் உங்கள் சட்டையின் பிரதிபலிப்பு போய்விடும். அதனால்தான் வெள்ளைச் சட்டையும் வேண்டாம்.

5. செட்டிங்

ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல், ஐஎஸ்ஓ ஆட்டோ, ரா ஃபைல். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், அதை விமானியின் ஹெல்மெட்மேல் வையுங்கள். கேமராவிடம் விட்டால் அது பூமைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ளாஷும் ஃபோகஸுக்கு எரிகிற சின்ன விளக்கும் அணைந்திருக்கட்டும். சொருகிக்கொண்டிருக்கிற ஆபரேட்டரின் பக்கத்தில் பளிச்சென்று எதுவும் மின்னக் கூடாது.

6. எந்த நொடி

ஜெட்கள் முதலில் டேங்கரின் இடது இறக்கையோரம் வரிசையாக வந்து காத்திருக்கும், ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து குடித்துவிட்டு வலது பக்கம் போய் நிற்கும். பக்கத்தில் நிற்பவற்றை எடுக்க 70-200-ஐ எடுத்துக்கொண்டு எழுந்து கேபின் ஜன்னலுக்குப் போங்கள். ஜெட் பூமுக்கு வந்ததும் 24-70.

குழாய் கழலும் நொடிக்காகக் காத்திருங்கள். மிச்சமிருக்கும் எரிபொருள் வெள்ளைப் புகையாய்ச் சிதறும், கண் இமைப்பதற்குள் போய்விடும். பூம் ஆபரேட்டர் ரேடியோவில் பேசுவது உங்களுக்குக் கேட்டால் முன்கூட்டியே விரலை வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம் திருப்பம். டேங்கர் நேர்கோட்டிலேயே போய்க்கொண்டிருப்பதில்லை, நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தின் நீளமான ஒரு பக்கத்தில் நேராகப் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், எதிர்ப்பக்கத்தில் வரும்போது முதுகில். திரும்பும்போதோ வெளிச்சம் ஜெட்டின் மேல் மெதுவாக நகரும், விமானியின் முகக்கவசத்தில் ஒரு கோடாய் மின்னும், பின்னணியில் அடிவானம் சாயும். ஆரம்பிப்பவர்கள் ஜெட் வந்த உடனே விடாமல் அழுத்தி மெமரி கார்டை நிரப்பிவிடுகிறார்கள், திருப்பம் வரும்போது கேமரா திணறிக்கொண்டு நிற்கும். நானும் அதைத்தான் செய்தேன். முதல் ஜெட்டுக்கு நாலைந்து படம் போதும், மீதியைத் திருப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. வீட்டில்

20,000 அடிக்கு மேலிருந்து கீழே பார்த்த படம் என்பதால் நீலம் படிந்த மூட்டம் இருக்கும். எடிட்டிங் மென்பொருளில் மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸைக் கொஞ்சமாக ஏற்றுங்கள், வெண்மைச் சமநிலையை இதமான பக்கம் தள்ளுங்கள். அதிகம் ஏற்றினால் கண்ணாடியின் கீறல்கள் மறுபடி எழுந்து வரும்.