ஊட்டி மலையில ரேஞ்ச் குழப்பமும் வேலை செய்யாத ரீஜெனும், நான் சரி பண்ண விதம்

மேட்டுப்பாளையத்துல இருந்து எலெக்ட்ரிக் கார்ல ஏறுனவங்களுக்குத் தெரியும், பர்லியார் தாண்டறதுக்குள்ள ரேஞ்ச் (மிச்ச சார்ஜ்ல ஓடும்னு டிஸ்ப்ளே காட்டுற தூரம்) மளமளன்னு இறங்கும், பக்கத்து சீட்ல இருக்கறவங்க முகமே மாறிடும். பேட்டரில கோளாறு இல்லங்க. 1,700 கிலோ வண்டியை சுமார் 1,900 மீட்டர் மேல தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 9 யூனிட் கரண்ட் வேணும், ஆனா டிஸ்ப்ளே கடைசியா ஓட்டுன கிலோமீட்டரை வச்சு மிச்ச ரோடும் இப்படியே ஏத்தம்தான்னு கணக்கு போட்டுக்குது. இப்ப நான் அதைப் பாக்கறதே இல்ல, பேட்டரி பர்சென்ட் மட்டும்தான்.

எனக்கு நிஜ தலைவலி இறங்கும்போதுதான். லாட்ஜ்ல ராத்திரி 100% ஏத்திட்டு காலைல கிளம்பினா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் ரீஜென் (மோட்டாரே வண்டியை மெதுவாக்கி, அந்த சக்தியைக் கரண்டா பேட்டரிக்குத் திருப்பறது) வேலை செய்யாம வண்டி நியூட்ரல்ல விட்ட மாதிரி உருளுது, குன்னூர் தாண்டறதுக்குள்ள பிரேக் சூடாகி வாடை வந்துருச்சு. சர்வீஸ்ல கேட்டா "நார்மல் சார்"னு ஒரே வார்த்தை. ஃபுல் பேட்டரில திரும்ப வர்ற கரண்டுக்கு இடமில்ல, அதோட ஊட்டி குளிர்ல பேட்டரி செல் சார்ஜை வேகமா வாங்காது, அவ்ளோதான்.

இப்ப 80%ல கட் ஆகுற மாதிரி செட் பண்ணிட்டு, ரீஜெனை ஹை லெவல்ல வச்சு இறங்கறேன். பிரேக் அதிகம் தொடறதில்ல, கீழ வர்றப்ப சார்ஜ் கொஞ்சம் ஏறியே இருக்கு. மேட்டுப்பாளையத்துல டிஸ்ப்ளே காட்டுற பெரிய ரேஞ்சை நம்பி மட்டும் சார்ஜரைத் தாண்டிப் போயிடாதீங்க, கோவை ரோட்ல அது கரையும்.